ஆளுக்கொரு மாத்திரை

மீனிலிருந்து பாதரசம் உடம்பில் ஏறாமலிருக்கத் தூத்துக்குடியில் ஆளுக்கொரு செலினியம் மாத்திரை ரேஷனில் தந்தார்கள். விழுங்கினால் வாயில் பூண்டு நாறும். எங்கள் தெரு நாய்கூடப் பூண்டு வாசத்தோடுதான் குரைத்தது. கொசுவெல்லாம் ராமநாதபுரத்துக்குக் குடிபோய்விட்டது.

ஒருநாள் என் மனைவி செலஸ்டினாவின் வாயில் அந்த நாற்றம் இல்லை.

"என்னடி, புதுப்பெண்ணாட்டம் மணக்கிற?" என்றேன்.

"ஆமா, இப்பத்தான் தெரியுதாக்கும்?" என்று சிரித்தாள். மடையன், நானும் சிரித்தேன்.

கர்ப்பமாயிருந்த தன் தங்கை பிளாரன்ஸுக்கு அவள் தன் மாத்திரையையும் கொடுத்துவந்திருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ரேஷன் கார்டில் பெயர் இல்லையே.

பிள்ளை குறையில்லாமல் பிறந்தது. அதற்குள் செலஸ்டினாவுக்குப் பாதரசம் ஏறிக் கண் பார்வை போய், விரல்கள் மரத்துவிட்டன. அவள் விரலை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்து, "இந்தா, கன்னம்" என்றேன்.

"புளுகாதீங்க" என்றாள். "கன்னத்தத் தொடவிடுங்க."