ஒப்படைத்தது

சைகோன் போகும்போது பிலவேந்திரன் ஒப்படைத்த தையல் மெஷினை, ஏழு வருஷமாக ஓட்டித் தேய்த்துவிட்டாள் பக்கத்து வீட்டு மதலேன். திரும்பி வந்தவன் வழக்குப் போட்டான்.

நீதிபதி விளக்கினார்: “பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த பொருளுக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் ‘தெப்போ’ என்று பெயர். அதைப் பயன்படுத்தக் கூடாது. கேட்டதும் திருப்பித் தரவேண்டும். நீ தைத்தாயா?”

“தெச்சேங்க” என்றாள் மதலேன்.

தீர்ப்பு பிலவேந்திரனுக்கே சாதகமானது. மீசையைத் தடவிக்கொண்டே மெஷினை வண்டியில் ஏற்றினான்.

மதலேன் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

“இதுக்குக் கஞ்சி ஊத்தத்தான் தெச்சேன். மெஷினோட உன் தாயில்லாப் புள்ளையையும் எங்கிட்டதானே வுட்டுட்டுப் போன? கேட்டதும் குடுக்கணுமாமே... இவள நீ கேக்கவே இல்லியே தம்பி?”

பிலவேந்திரன் வண்டிக்காரனிடம் திரும்பினான்.

“கயித்த நல்லா இறுக்கிக் கட்டுய்யா. மெஷின் வுழுந்துடப் போவுது.”