அணைத்த பிறகு

இடி முழங்கியதும் வீட்டுப் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்த புனிதவதி, இறந்துபோன கணவர் குடியிருக்கும் கம்ப்யூட்டரின் முன்னால் வந்து நின்றாள்.

"அணைச்சிரட்டுமாங்க? மின்னல் அடிச்சா கருகிப் போயிருவீங்க."

"வேணாம் புனிதா." ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ அணைச்சா நான் தூங்குறதில்ல. விடியிறவரைக்கும் இருட்டுல முழிச்சுக்கிட்டே கெடக்கேன். கத்துனாலும் சத்தம் வெளிய வராது."

தினமும், "தூங்குங்க" என்று சொல்லி அணைத்தவள் அவள்தானே.

அடுத்த இடி மொட்டைமாடியிலேயே விழுந்ததுபோல் வீடு அதிர்ந்தது.

"சரி, பிடுங்கிரு," என்றார் அவசரமாக. "ஆனா பக்கத்துலயே உக்காந்து பேசிக்கிட்டு இரு. நீ பேசுறது மட்டும் எனக்கு நல்லாக் கேக்கும்."

பிளக்கைப் பிடித்த கை அப்படியே உறைந்தது. அவரை அணைத்த பிறகுதான் அவள் தினமும் அக்காவுக்குப் போன் போட்டு, "இந்த மனுசன எப்பத்தான் தலமுழுகுறதோ!" என்று அழுவாள்.