சோதனை இயந்திரத்துக்கு ஒரு நாற்காலி

அரசாங்கத்தின் சோதனை இயந்திரம் வாசலில் வந்து நின்றது. மீரான் வாப்பாவால் தானாக நடக்க முடியாது என்று அது சான்று தந்தால்தான் அவரைக் கவனிக்க இலவசமாக ஆள் வரும். இல்லையென்றால் மகள் சபூரா வேலையை விட வேண்டியதுதான்.

"எழுந்திருச்சிராதீங்க வாப்பா" என்று அவள் காலையிலிருந்தே கெஞ்சியிருந்தாள்.

"வீடு தேடி வந்தவர் வெயில்ல நிக்கிறாரேம்மா!"

மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத மனிதர் சுவரைப் பிடித்து எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. சர்பத் குடிப்பீங்களா?"

போச்சு என்று சபூரா தலையில் கைவைத்தாள். அதற்குள் அவர் கால் மடங்கியது. இயந்திரம் பாய்ந்து தாங்கி, அவரையே அந்த நாற்காலியில் உட்காரவைத்தது.

"விருந்தாளி வந்தால் மட்டும் நடக்கிறார்" என்றது. "ஆகவே தினமும் ஒருவரை அனுப்புகிறோம்."

"அல்ஹம்துலில்லாஹ்! வர்றவருக்குச் சாப்பாடு நம்ம வீட்டுலதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் வாப்பா.