தலை பிடிக்கும் கை

வாய் திறக்கவில்லை.

அவன் முயன்றுதான் பார்த்தான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் அரளி மாலை, நெற்றி முழுக்கத் திருநீறு. எல்லாம் தயார். வாய் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மாட்டேன் என்றது.

எதிரே அலகோடு சென்னியப்பன் நின்றார். இருபது வருடமாகப் பங்குனி உத்திரத்துக்கு இந்த ஆற்றங்கரையில் கன்னத்தில் அலகு குத்துகிறவர். மற்ற நாட்களில் பல்லடம் சாலையில் பஞ்சர் கடை. அங்கே ஓட்டையை அடைப்பார், இங்கே போடுவார். இரண்டிலும் நல்ல கைராசி என்று பேர்.

குத்தும்போது பின்னாலிருந்து ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் பிடிப்பதுதான் வழக்கம். அண்ணனுக்குத் தம்பி, மருமகனுக்கு மாமன்.

அவனுக்கு யாருமில்லை. தர்மபுரிப் பக்கம் அம்மா இருந்தாள். அவளும் போன பிறகுதான் அலகு குத்த ஆரம்பித்தான்.

ஆறு வருடமாகச் சென்னியப்பன்தான் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். யாரோ வருவார்கள், பிடிப்பார்கள், போய்விடுவார்கள். தலை சாய்ந்திருப்பதால் அவனுக்கு முகம் தெரியாது. ஆனாலும் வருடத்தில் அந்த இரண்டு நிமிடம் அவனுக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் வந்த கைகளில் சந்தன வாசனை. உள்ளங்கை காய்த்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தன.

பம்பை மேளம் வேகமெடுத்தது.

சென்னியப்பன் அவன் தாடையை இறக்கிப் பார்த்தார். இறங்கவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டார். கன்னத்தை விரலால் ஒதுக்கி உள்ளே பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பம்பைக்காரரை நிறுத்தச் சொன்னார்.

அது என்ன புண் என்று அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். போன வருடம் அலகு குத்தியது. ஆறவில்லை, அவ்வளவுதான். முருகன் கொடுத்ததை முருகனே ஆற்றுவான் என்று தினமும் குளித்தவுடன் திருநீற்றைத் தொட்டு அதில் வைத்தான். ரசம் எரிந்தது. பிறகு வெறும் சோறும் எரிந்தது. எரியட்டும் என்று விட்டான்.

அதே மூலையில்தான் பாக்குப் பொட்டலத்தையும் கிழித்துக் கொட்டி அடக்கிக்கொள்வான். தறி ஓடுகிற இடத்தில் பேச ஆளில்லை, இருந்தாலும் காது கேட்காது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அந்தப் பொட்டலம்தான் துணை.

நாற்பத்தெட்டு நாள் விரதம் சுத்தமாக இருந்தான். கறி இல்லை, செருப்பு இல்லை, தலையணை இல்லை. பொட்டலம் மட்டும் இருந்தது. விரதத்தில் விட வேண்டியவற்றில் அதை யாரும் சேர்க்கவில்லை. சேர்க்காததை விடுவானேன்?

"இது நாங் குத்துனதில்ல."

சென்னியப்பன் மெதுவாகத்தான் சொன்னார்.

"நாங் குத்துறது உதட்டுக்கு ஒரு வெரலு தள்ளி. அது நாலு நாள்ல ஆறிரும். இது உள்ள கடவாப் பல்லுகிட்ட இருக்குதப்பா. என்ற அலகு அங்க போவாது."

ஒரு வருடமாக முருகன் தலையில் கட்டியிருந்ததை அவர் ஒரு நொடியில் அவிழ்த்துவிட்டார்.

அவனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பயம். பயம் புதிதில்லை. ஆடி மாதமே வந்திருந்தது.

ஆடியில் தறிக் கொட்டகைக்கு மருத்துவ முகாம் போட வந்தார்கள். மூன்று விரலைச் சேர்த்து, நிமிர்த்தி, வாய்க்குள் விடச் சொன்னாள் ஒரு நர்ஸ். மற்றவர்களுக்கு மூன்றும் போயிற்று. அவனுக்கு இரண்டாவதிலேயே இடித்தது. அலகுப் புண் என்றான். அவள் நம்பவில்லை. புற்றுநோயாக இருக்கலாம், இப்போதே வந்தால் சரிசெய்துவிடலாம், பாக்கை இன்றோடு விடுங்கள் அண்ணா என்று நேராகவே சொன்னாள். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

சீட்டு இருக்கிறது. அறையில், முருகன் படத்துக்குப் பின்னால்.

போகக் கூடாது என்றெல்லாம் அவன் நினைக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனான். நின்றுகொண்டே சீட்டை இன்னொரு முறை படித்தான். கடைசி வரி அச்சிலேயே இருந்தது.

உறவினர் ஒருவருடன் வரவும்.

பேருந்து வந்தது. போயிற்று.

அடுத்ததும் வந்தது.

அன்று சாயங்காலம்தான், அது அலகுப் புண்ணாகவே இருக்கட்டும் என்று அவன் முடிவு செய்தான்.

சென்னியப்பன் அலகை அவன் கையில் கொடுத்தார்.

"இந்த வருசம் கையில புடிச்சுட்டு நட. சாமி ஒண்ணுஞ் சொல்லாது. நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும்."

பம்பை மறுபடி ஆரம்பித்தது. அடுத்து நின்றவனைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பக்கம் திரும்பப் போன சென்னியப்பன் நின்றார்.

"உங்கூட ஆரு வந்திருக்கறாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆறு வருடத்தில் இன்றுதான் கேட்டார்.

அவன் வாய் திறந்தது. ஒரு விரல் அகலத்துக்கு.

குத்த வேண்டியது இல்லை என்று ஆகிவிட்டது. பிடிக்க வேண்டிய வேலையும் அப்போதே முடிந்துவிட்டது. ஆனால் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. காய்த்த கைகள் இரண்டும் அவன் தலையிலேயே இருந்தன.

திரும்பினால் பிடித்திருப்பவர் கையை எடுத்துவிடுவார்.

அவன் திரும்பவில்லை.