ஷவ்கியின் வானம்

"என்னை ஹுர்கதா கடற்கரையில நிக்க வைக்கணும் உஸ்தா. வியாழக்கிழமை சாயங்காலம்" என்றான் ரிஃபாத், கடைக் கதவைச் சாத்திவிட்டு.

ஷவ்கி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். கெய்ரோவில், ஷுப்ரா பகுதியின் ஒரு சந்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் அவன். ரிஃபாத் எதிர்வரிசையில் ஏசி ரிப்பேர் பார்ப்பவன்.

"இன்னிக்கு சனிக்கிழமை. முடிஞ்சு போன வியாழனுக்கு உன்னை எப்படிடா கூட்டிட்டுப் போறது?"

"போட்டோவுலதான்! அன்னிக்கு நான் அங்கே ஹோட்டல் வேலையா இருந்தேன்னு காட்ட ஒரு படம் வேணும். கெய்ரோவுலதான் இருந்தேன்னு தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது."

"யாருக்குத் தெரிஞ்சா?"

"யாருக்குத் தெரிஞ்சாலும்தான். போலீஸ் கேட்டாலும் இதைத்தான் காட்டப்போறேன்."

ஷவ்கிக்குச் சுருக்கென்றது. வியாழன் சாயங்காலம்தான் பக்கத்து நகைக்கடையின் பின்கதவை உடைத்து, வளையல்களை யாரோ பெட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஹில்மி கடை கடையாக ஏறி, அன்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதோ, அதற்கு ஒரு பொய்ப் பதில் தேடிக்கொண்டு ஒருவன் தானாகவே வந்து நிற்கிறான்!

"உக்காரு, டீ குடி. ஜமாய்ச்சிடலாம்" என்றான் ஷவ்கி.

ரிஃபாத்தின் தலைமுடி கடற்காற்றில் பறக்கிற மாதிரி மேசை விசிறியைத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்தான். பின்னால் இருந்த சுவரை வெட்டியெறிந்துவிட்டுக் கீழே கடலை ஒட்டினான். மேலே வெறுமையாகக் கிடந்தது. அங்கேதான் அவன் கைவேலை. நிறங்களை ஒன்றில் ஒன்று கரைக்கும் கிரேடியன்ட் கருவியைத் திறந்ததும், கடைசியாகப் போட்ட நிறங்கள் அப்படியே அதில் இருந்தன. கீழே ஆரஞ்சு, மேலே ஊதா, நடுவில் நூலளவு பச்சை. மாற்றுவானேன் என்று மௌஸைப் பிடித்துக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து அந்தி வானம் வந்துவிட்டது.

"அடேயப்பா! அந்தப் பச்சை என்ன உஸ்தா?"

"அதுதான்டா என் முத்திரை. ஆரஞ்சும் ஊதாவும் எல்லாப் பயலும் போடுவான். இந்தப் பச்சை, கெய்ரோ பூரா தேடினாலும் வேற எந்தக் கடையிலயும் கிடைக்காது."

கடைசியாக, கடலில் பாதி முங்கிய சூரியன் ஒன்றை வைத்தான். வைக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. செங்கடலோரத்து ஹுர்கதாவில் கடல் கிழக்கே. சூரியன் கடலில் உதிக்கும், மலைக்குப் பின்னால் மறையும். கெய்ரோவைத் தாண்டாத ரிஃபாத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது! ஹில்மியோ மூன்று வருஷம் ஹுர்கதாவில் வேலை பார்த்தவர். அந்தப் பெருமையைப் பேசாமல் அவருக்கு டீ இறங்காது. மாட்டட்டும் பயல் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளே ஹில்மி அந்தப் படத்தோடு வந்து நின்றார்.

"இது உன் வேலையா?"

"ஆமா பாஷா. அவன் கேட்டதுமே எனக்குச் சந்தேகம். முடியாதுன்னா வேற கடைக்குப் போயிடுவான். அதான் வேணும்னே சூரியனைக் கடல்ல முக்கி வச்சேன். உங்க கண்ணுல படாமப் போகுமா?"

"கில்லாடிடா நீ!" ஹில்மி வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு அதட்டுல எல்லாத்தையும் கக்கிட்டான். மச்சான் நிச்சயத்துக்கு டிமிக்கி குடுத்துட்டு, காபிக்கடையில மேட்ச் பார்த்திருக்கான். அவன் போட்ட கூச்சலைக் கடையே கேட்டிருக்கு. பொண்டாட்டிக்குப் பயந்துதான் இந்தப் படம். சரி, வீட்டுக்குப் போடான்னா, 'லாக்கப்லயே வச்சுக்குங்க பாஷா'ன்னு கால்ல விழறான்!"

ஷவ்கியும் சிரித்தான். ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

"அப்போ... திருடன் அவன் இல்லையா?"

"இல்லை. சந்துல எல்லாரையும் கேட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி. ஒப்புக்குத்தான் கேக்கறேன், வியாழன் சாயங்காலம் நீ எங்கே இருந்தே?"

"அலெக்ஸாண்டிரியாவுல பாஷா, அக்கா வீட்டுல." ஷவ்கி மேசை இழுப்பறையைத் திறந்து, தயாராக இருந்த ஒரு படத்தை எடுத்து நீட்டினான். "அன்னிக்குக் கடற்கரையில எடுத்தது. அங்கே சூரியன் கடல்லதான் மறையும். நீங்களே பாருங்க!"

ஹில்மி அதை வாங்கி, ரிஃபாத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சூரியன் சரியான இடத்தில்தான் இருந்தது.

அதற்கு மேலே, ஆரஞ்சுக்கும் ஊதாவுக்கும் நடுவில், கெய்ரோ பூராவும் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத அந்த நூலளவு பச்சை.