கீழே ஒட்ட வேண்டிய சீட்டு

கண்டுபிடித்தது ஹெர்பேரியம் அக்கா. அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டியவர் தாவரவியல் துறைத்தலைவர். இதைவிட அநியாயம் உண்டா?

ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் துறையில் அவளுக்கு 'வக்கீல்' என்றே பெயர்.

விஷயம் இதுதான். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காப்பதுதான் ஹெர்பேரியம். அங்கே ஒரு செடி, பதினோரு வருஷமாக லில்லிக் குடும்பத்து அலமாரியில் குடியிருந்தது. போன வாரம் அக்கா அதன் பூவை வெந்நீரில் ஊறவைத்து லென்ஸில் பார்த்தாள். விதை உருவாகும் சூலகம் இதழ்களுக்கு மேலே இல்லை, கீழே! அப்படியென்றால் அது லில்லியே இல்லை; அமரில்லிஸ் குடும்பம்.

"முதல் வருஷப் பசங்ககூட செய்யாத தப்புக்கா இது! எந்தப் புண்ணியவான் வகைப்படுத்தினது?"

அக்காவின் முகம் சுருங்கியது. "விடும்மா."

"எப்படி விடறது? லில்லி அலமாரியை அடுக்கினதே நான்தான்னு தம்பட்டம் அடிக்கிறவர் யாரு? நம்ம தலைவரேதான்!"

ஹெர்பேரியத்தில், செடியின் பெயரும் குடும்பமும் எழுதிய பழைய சீட்டை யாரும் கிழிக்கக்கூடாது. தப்போ சரியோ, எழுதியவர் கையெழுத்தோடு அப்படியே இருக்கும். திருத்தச் சீட்டை அதன் கீழேதான் ஒட்ட வேண்டும். அக்கா எழுதிய திருத்தத்தை ஒட்டவிடாமல், தாளையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் தலைவர்.

மறுநாள் மேலிடத்துக் குழு வருகிறது. வக்கீல் புகார்க் கடிதம் எழுதினாள். இருபத்திரண்டு கையெழுத்து வாங்கினாள். அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், அந்தத் தாளை வெளியே எடுங்க."

"குழு வந்துட்டுப் போகட்டும்மா. நாளன்னைக்கு ஒட்டிடலாம்."

"பதினோரு வருஷம் போதாதா சார்? பாவம், அந்தச் செடி இன்னும் எத்தனை நாள் அடுத்தவன் வீட்டுல குடியிருக்கும்?"

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்.

"சிரிக்காதீங்க சார்! அக்கா பன்னிரண்டு வருஷமா தற்காலிக ஊழியர், வாயில்லாப் பூச்சி. அந்தச் சீட்டை ஒட்டினா பழைய தப்பு சந்தி சிரிச்சுடும்னு பயம். அதானே?"

"ஆமாம்மா. பயம்தான்."

"ஒத்துக்கிட்டார் பார்த்தீங்களாக்கா! காலையில இந்தக் கடிதம் குழு கையில இருக்கும் சார்."

"தாராளமா கொடு. தாளை மட்டும் கேட்காதே."

விருட்டென்று வாசலுக்குத் திரும்பினாள் வக்கீல். அக்கா அவள் கையிலிருந்த கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சந்தி சிரிக்கப்போறது என் மானம்தான், வக்கீலம்மா. பழைய சீட்டுல இருக்கிறது என் கையெழுத்து. குழு வர்றதே, என் வேலையை நிரந்தரமாக்கலாமான்னு பார்க்கத்தான்!"