இருநூறாவது பயணி

கடகடகடவென்று ஒரே உருளல். சரக்கு ரயில் ஒன்று கட்டடத்துக்குள்ளேயே புகுந்துவிட்ட மாதிரி.

அப்புறம்தான் கண்ணாடிக் கதவு திறந்தது. இருநூறு பேர், இருநூறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஒருவரும் எங்கேயும் போகப்போவதில்லை. பெட்டிகளுக்குள் பழைய செய்தித்தாள்தான். புது விமான நிலையம் திங்கட்கிழமை திறக்கிறது. அதற்கு முன்னால் ஒத்திகை. பயணிகளாக நடிக்க வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வயிற்றில் தலையணை கட்டிய கர்ப்பிணிகூட ஒருத்தி உண்டு.

ஒத்திகையின் பொறுப்பு மேடத்துடையது. இந்த இடம் வெறும் மண்மேடாக இருந்த நாளிலிருந்து எட்டு வருஷம் இங்கேயே கிடையாய்க் கிடந்தவர். வாசல் தொடங்கி விமானத்தின் படி வரை, நாற்பது நிமிஷத்துக்குள் எல்லாரும் போய்ச் சேர வேண்டும். முதல் நாள் அறுபத்து மூன்று ஆனது. நேற்று ஐம்பத்தொன்று. இன்றும் தவறினால் திறப்பு தள்ளிப்போகலாம்.

"மேடம், திருதிரு இன்னிக்கும் ஆஜர்" என்றார் வாக்கிடாக்கிக்காரர்.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இரண்டு நாளாக உயிரை வாங்கிய ஆள் அது. எங்கே பார்த்தாலும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "இந்தப் பக்கம் வாங்க" என்றால் அந்தப் பக்கம் போவார்.

"பாவம், விவரம் தெரியாதவரோ என்னவோ."

"அவரா? எங்க தெருத் தபால்காரர் மேடம் அவரு! நம்பரே இல்லாத வீட்டைக்கூடக் கண்ணை மூடிக்கிட்டுக் கண்டுபிடிப்பாரு. வேணும்னே பண்றாரு."

"எதுக்கு?"

"கொழுப்புதான், வேறென்ன?"

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இன்று கூட்டம் பறந்தது. பெட்டியை எடை போடும் இடத்தில் நெரிசல் இல்லை. சோதனைக்கு முன்பே பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கர்ப்பிணி ஓடியே வந்தாள்.

ஒத்திகையில் ஒரு சிக்கலையும் வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் விமானம் நான்காம் வாசலிலிருந்து இரண்டாம் வாசலுக்கு மாறும். ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டு அதைச் சொல்லி முடிப்பதற்குள், எல்லாரும் இரண்டாம் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள்.

"பாத்தீங்களா மேடம், என்ன முன்னேற்றம்!"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு. எட்டு வருஷப் பாரம் இறங்கியது போலிருந்தது.

"எண்ணிட்டீங்களா?"

"நூத்தித் தொண்ணூத்தொன்பது."

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அங்கே நான்காம் வாசலில், பெட்டியின் மேல் கையை ஊன்றி, தலைக்கு மேலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார் திருதிரு.

"விடுங்க மேடம். அவரு வரவே இல்லைன்னு போட்டுக்கலாம். கையெழுத்தைப் போடுங்க."

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. செருப்புச் சத்தம் அதிர நேரே போனார்.

"ஏன் சார், உங்களுக்கு இது விளையாட்டாப் போச்சா? எத்தனை பேரு ராப்பகலா உழைச்ச இடம் இது தெரியுமா? மூணு தடவை சொல்லியாச்சு வாசல் மாறிடுச்சுன்னு! காதுல விழலையா?"

அவர் அசையவில்லை.

மேடம் தோளைத் தட்டினார். மனிதர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். பதறிப்போய், இரண்டு காதிலிருந்தும் பஞ்சு உருண்டைகளைப் பிடுங்கினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். இப்பச் சொல்லுங்க, என்ன கேட்டீங்க?"

"இது எதுக்கு சார்?" மேடம் பஞ்சைக் காட்டினார்.

"எங்க அக்காவுக்குச் சின்ன வயசுலயே காது போயிடுச்சு. அது மகளுக்கு வெளியூர்ல பிரசவம். நீங்க திறக்கிற அன்னிக்கு முதல் விமானத்துல அக்கா தனியாப் போகுது. டிக்கெட் இல்லாம என்னை உள்ளே விட மாட்டாங்களாமே? அதான், அதுக்கு முன்னாடி நானே அக்கா மாதிரி ஒரு தடவை போய்ப் பாத்துடலாம்னு. அக்கா நல்லா வாசிக்கும் மேடம். பலகையில என்ன இருக்கோ அதை நம்பும்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பலகையில் இன்னும் 'வாசல் நான்கு' என்றே இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னவர்கள் யாரும் பலகையை மாற்றவில்லை. முதல் நாளும் மாற்றவில்லை. நேற்றும் மாற்றவில்லை.

இரண்டாம் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். முதல் நாளிலிருந்து அதே முகங்கள். அதே தலையணை. வாசல் மாறும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

"இன்னும் எங்கெல்லாம் சார் வழி தெரியாம நின்னீங்க?"

தபால்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். ஏழு இடங்களை, வாசலிலிருந்து வரிசையாக எழுதியிருந்தார்.

வாக்கிடாக்கிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மேடம், மேலிடத்துலேருந்து கேக்கிறாங்க. முப்பத்தெட்டுன்னு சொல்லிடவா?"

"தேறலைன்னு சொல்லுங்க."

"மேடம்!"

"நாளைக்கு மறுபடி ஒத்திகை. இவங்க யாரும் வேண்டாம், புது ஆளுங்களா வரணும். திருதிரு சார் மட்டும் வரட்டும்." கொஞ்சம் யோசித்தார். "அப்புறம், பத்துக் கட்டுப் பஞ்சு வாங்கிடுங்க."

பிறகு தரையில் உட்கார்ந்து, வாய் பிளந்து கிடந்த ஒரு பெட்டியை இழுத்து, சரிந்திருந்த செய்தித்தாள்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.